பின்பனிக் காலத் தோட்டம்: எதை விடுவது, எதை வைப்பது

தமிழ்நாட்டில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, விடியற்காலைப் பனியும் பகலில் சுள்ளென்ற வெயிலுமாக இந்தக் காலம் தொடங்கும்போது வீட்டுத் தோட்டம் ஆண்டிலேயே மிகச் செழிப்பாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நட்ட தக்காளி கொத்துக் கொத்தாகப் பழுத்திருக்கும். பந்தல் முழுக்க அவரை தொங்கும். முள்ளங்கியும் பீட்ரூட்டும் பிடுங்கத் தயாராக இருக்கும். அதே வாரங்களில்தான் சாம்பல் நோயும் இலைச்சுருட்டும் அசுவினியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

இந்தச் செழிப்பை நம்பி அதே பயிர்களை மறுபடி விதைப்பதுதான் பின்பனித் தோட்டத்தின் பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம். மாசி நடுவில் விதைக்கும் தக்காளி நாற்றங்காலில் சுமார் 25 நாள் இருந்து, நட்டபின் இன்னும் ஒரு மாதம் கழித்து, சித்திரை வெயிலில் பூக்கிறது. ஆகவே இந்தப் பருவத்தில் எந்தப் பயிரைத் தேர்ந்தாலும் அது பூத்துப் பிஞ்சு பிடிக்கும் நாளை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். விதைக்கும் நாளின் இதமான காற்று அதற்கு அளவுகோல் ஆகாது.

பழைய செடியைக் காப்பதா, பிடுங்குவதா

புது விதைக்கு இடம் தேடும்முன் நிற்கும் செடிகளைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். கத்தரியைப் பிடுங்கத் தேவையில்லை. காய்ப்பு குறைந்த செடியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வெட்டி, வேரைச் சுற்றி மண்ணைக் கிளறி, இரண்டு கை தொழுவுரமோ மண்புழு உரமோ இட்டுத் தண்ணீர் விட்டால் புதுக் கிளை விட்டு மறுதாம்பாகக் காய்க்கும். வேர் ஏற்கெனவே ஆழமாகப் போயிருப்பதால் இந்தச் செடி கோடையைப் புது நாற்றைவிட நன்றாகத் தாங்கும். தண்டுத் துளைப்பான் புழு இருக்கும் நுனிகளும் வெட்டோடு போய்விடும். வெட்டிய நுனிகளை உரக்குழியில் போடாமல் எரித்துவிட வேண்டும்; இல்லையென்றால் புழு அந்துப்பூச்சியாகி அதே செடிக்குத் திரும்பும்.

மிளகாயில் முடிவு எளிதல்ல. இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன்; கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு தெரிந்தால் சிலந்திப்பேன். இரண்டுமே கவாத்துக்குப் பின் அடங்கக்கூடியவை. சுருண்ட பகுதியை வெட்டிவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்துவர வேண்டும். வெட்டியபின் வரும் துளிரும் சுருண்டே வந்தால் அது வைரஸ். அந்தச் செடிக்கு மருந்து இல்லை, பிடுங்கிவிடுவதே வழி.

தக்காளியைப் பிடுங்கத் தயங்கவே வேண்டாம். காய்த்து ஓய்ந்த செடி இலைச்சுருட்டு வைரஸின் கிடங்காக மாறுகிறது. அதைப் பரப்பும் வெள்ளை ஈ, வெயில் ஏற ஏறப் பெருகுகிறது. இரண்டு காய்க்காக விட்டுவைக்கும் ஒரு நோய்ச் செடி பக்கத்திலுள்ள மிளகாயையும் கெடுக்கும். குளிர்ந்த, பகல் குறுகிய நாள்களில் பூக்கும் பந்தல் அவரை மாசியோடு ஓய்ந்துவிடும்; விதைக்கு நெற்றுகளை எடுத்துக்கொண்டு கொடியை அறுத்துப் பந்தலைக் கோடைக் கொடிக்குக் கொடுக்கலாம். காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கேரட் ஆகியவற்றைச் சமவெளியில் இப்போது புதிதாக விதைப்பது வீண். முள்ளங்கி 45 நாளில் வந்துவிடும் என்பதால் மாசித் தொடக்கம் வரை விதைக்கலாம். அதற்குப் பிறகு விதைத்தால் காரமேறி உள்ளே சக்கையாகிவிடும்.

தக்காளியா, வெண்டையா

இரண்டுமே எல்லார் வீட்டிலும் விரும்பப்படுபவை; பின்பனியில் இரண்டின் கதையும் நேர்மாறானது. தக்காளிக்கு இரவுக் குளிர்ச்சி வேண்டும். பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ காம்போடு உதிரும். தப்பிப் பிடித்த காயும் 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாமல் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பழுக்கும். தண்ணீர் ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்தால் காயின் அடி கறுத்து அழுகும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் ஒழுங்கற்ற நீரால் அது காய்க்குப் போய்ச் சேராததே காரணம். நட வேண்டிய தக்காளி நாற்று தைக்குள் மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். கோயம்புத்தூர், ஓசூர் போல இரவு குளிரும் ஊர்களில் மாசி முதல் வாரம் வரை துணியலாம். சென்னை முதல் தூத்துக்குடி வரையிலான கடற்கரை ஊர்களில் அந்த அவகாசமும் இல்லை. இரகத்தில், பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 நாட்டுத் தக்காளியின் புளிப்பு விரும்புவோர்க்கு உகந்தது. இலைச்சுருட்டு ஆண்டுதோறும் வரும் இடங்களில், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் பாதுகாப்பானது. அது கலப்பினம், அதன் விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே செடி வராது.

வெண்டை வெயிலுக்கென்றே பிறந்த செடி. ஆணிவேர் உடையதால் நாற்று விட்டுப் பிடுங்கி நடக் கூடாது. ஓர் இரவு ஊறவைத்து நேரடியாக ஊன்ற வேண்டும். சுமார் 45 நாளில் முதல் காய் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் முற்றி நாராகிவிடும், செடியும் புதுப் பூவைக் குறைத்துக்கொள்ளும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு பொரியலுக்கு ஒரே நாளில் போதிய காய் கிடைக்கக் குறைந்தது 10 செடியாவது வேண்டும். இரண்டு மூன்று பையில் மட்டும் வைத்துவிட்டு வெண்டை காய்ப்பதில்லை என்று சொல்வது செடிக்குச் செய்யும் அநீதி. இதன் ஒரே பெரிய எதிரி மஞ்சள் நரம்புத் தேமல். இலை நரம்புகள் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்த அன்றே அந்தச் செடியை அகற்றிவிட்டு, வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட வேண்டும். அர்கா அனாமிகா இந்த நோயைத் தாங்குவதற்காகவே உருவாக்கப்பட்ட இரகம். தாங்கும் இரகத்திலும் சில செடிகளுக்கு நோய் வரும்.

வெண்டைக்குத் துணையாகக் கொத்தவரையும் காராமணியும் நிற்கும். இரண்டில் குறைந்த தண்ணீரில் கவலையில்லாமல் வளர்வது கொத்தவரை. காராமணி சுவையில் மேல், ஆனால் அசுவினி அதை விடுவதில்லை. கறுப்பாக மொய்க்கும்போதே குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினால் பாதித் தொல்லை போய்விடும்.

பந்தலுக்கு எந்தக் கொடி

தைப்பட்டத்தின் உண்மையான வெற்றி கொடிக் காய்களில் இருக்கிறது. புடலை, பீர்க்கு, பாகல், சுரை நான்கும் தையிலும் மாசித் தொடக்கத்திலும் விதைத்தால் 55 முதல் 70 நாளில் காய்க்கு வரும். எல்லாவற்றிலும் முதலில் ஆண் பூக்களே வரும். ஒன்றிரண்டு வாரம் வெறும் ஆண் பூ உதிர்வதைக் கண்டு கொடி மலடு என்று அறுத்துவிடுவோர் உண்டு. காத்திருந்தால், அடியில் குட்டிப் பிஞ்சோடு பெண் பூ வரும். விதைப்பு தள்ளிப்போகும் அளவுக்கு வெயிலில் ஆண் பூ கூடிப் பெண் பூ குறையும். அதனால்தான் பங்குனியில் போடும் கொடி இலையாகவே நிற்கிறது.

பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் உரக்குறை என்று எண்ணுவது வழக்கம். பெரும்பாலும் அது மகரந்தம் சேராத குறை. தேனீ வராத மாடியில் கையால்தான் சேர்க்க வேண்டும். பாகல் பூ விடியலில் விரிவது. காலையில் சேர்க்க வேண்டும். புடலை, பீர்க்கு, சுரை ஆகியவை மாலையில் விரிபவை. மறுநாள் வெயிலில் அவற்றைத் தேடிப் பயனில்லை. ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, மகரந்தத் தாளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும்.

நான்கில் வீட்டுக்கு ஏற்றது எது என்றால், தரையும் பெரிய பந்தலும் இருப்போர்க்குப் புடலை. பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் சுருளாமல் நேராக இறங்கும். மாடிப் பையில் வளர்ப்போர்க்குப் பாகல். கொடி மெலிது, சிறிய வலையிலேயே ஏறிவிடும், இலையைப் பூச்சியும் குறைவாகவே தொடும். பீர்க்கு இரண்டுக்கும் நடுவில் நிற்பது. சுரை வேகமாகக் காய்க்கும், ஆனால் ஒரே கொடி பந்தலையே பிடித்துக்கொள்ளும். பையில் வைக்கவே கூடாது. சுரையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் காயில் கசப்பு ஏறலாம். கசக்கும் சுரைக்காய் நஞ்சு. சமைக்கும்முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் எறிந்துவிட வேண்டும்.

பழ ஈ எல்லாக் கொடிக் காய்களுக்கும் பொதுவான தொல்லை. பிஞ்சிலேயே முட்டையிட்டு உள்ளே புழுவாக்கிவிடும். பூ உதிர்ந்ததும் பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டுவது எந்த மருந்தைவிடவும் உறுதியான காப்பு. பொறி வைப்பதாக இருந்தால் கொடிக் காய்க்குக் கியூ லூர், மாவுக்கு மெத்தில் யூஜினால் என்று கேட்டு வாங்க வேண்டும். மாற்றி வைத்தால் ஈ வராது.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத் தூள் நல்ல மருந்துதான், ஆனால் வெயில் ஏறிய நாளில் அதுவே இலையைக் கருக்கும். கொடி வகைகள் இதில் இன்னும் மென்மையானவை. வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகத்தைத் தெளிக்கக் கூடாது. நோய் தொடங்கும்போதே அடியிலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுத்து, புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து காலையில் தெளிப்பது கொடிகளுக்குப் போதுமானது.

கீரை

இடமும் நேரமும் குறைந்தோர்க்குக் கீரைதான் முதல் தேர்வு. சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பிடுங்கிவிடலாம். வெயிலை விரும்பும் குடும்பம் என்பதால் கோடை முழுவதும் தொடரலாம். அரைக்கீரை வெட்ட வெட்டத் தழைக்கும். பாலக்கும் கொத்தமல்லியும் வெயில் ஏறியதும் பூத்தண்டு விட்டு வீணாகும். பனி இருக்கும் நாள்களில் கீரை இலையின் அடியில் வெண்கொப்புளம் தெரிந்தால் அது வெள்ளைத் துரு. நெருக்கத்தைக் கலைத்து, தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் மண்ணில் விட வேண்டும். எறும்பு விதையைத் தூக்காதிருக்கப் பாத்தி ஓரம் கொஞ்சம் ரவையைத் தூவலாம்.

தரையா, மாடியா

மார்கழியில் மாடிப் பைக்கும் தரைப் பாத்திக்கும் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பங்குனியில் தெரியும். மேற்கு வெயில் படும் கறுப்புப் பையில் ஓர வேர்கள் வெந்துபோகும். தரையில் ஆழத்துக்குப் போய் வேர் ஈரம் தேடிக்கொள்ளும். பையில் அந்த வழி இல்லை. இரண்டும் உள்ள வீட்டில் கொடிகளையும் கத்தரியையும் தரைக்கும், கீரை, வெண்டை, கொத்தவரையைப் பைக்கும் ஒதுக்குவது நல்லது. பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றன் நிழல் மற்றொன்றுக்குக் கிடைக்கும். தென்னை நார்க்கழிவை அப்படியே கலக்காமல் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கிச் சேர்க்க வேண்டும். மண்மேல் காய்ந்த இலையையோ தேங்காய் மட்டையையோ மூடாக்காக இட்டால் ஒருவேளைத் தண்ணீர் மிச்சமாகும். நிழல்வலை கீரைக்கும் நாற்றுக்கும். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் அதைப் போட்டால் காய்ப்புக் குறையும். நண்பகலில் குழாயில் தேங்கிய தண்ணீர் கொதிப்பாக இருக்கும். முதலில் அதை வெளியே விட்டபிறகே செடிக்குப் பிடிக்க வேண்டும்.

பழ மரங்கள்

பின்பனியில் மாமரத்துக்குச் செய்யக்கூடிய பெரிய நன்மை, பூக்கும்போது சும்மா விடுவது. பூ வரும் முன்பும் பூத்திருக்கும்போதும் தண்ணீர் ஊற்றினால் துளிர்தான் வரும். பிஞ்சு பட்டாணி அளவு ஆனபின் தொடங்க வேண்டும். பூங்கொத்தில் பெரும்பகுதி ஆண் பூக்கள் என்பதால் உதிர்வைக் கண்டு பதறத் தேவையில்லை; கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல காய்ப்பு. தத்துப்பூச்சிக்குப் பூ விரியும்முன் வேப்பெண்ணெய் தெளிக்கலாம். விரிந்தபின் பூச்சிமருந்து அடித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் சாகும். புதிதாக வைப்போர்க்கு, ஆண்டுதோறும் காய்ப்பது வேண்டுமென்றால் நீலம்; சுவை பெரிதென்றால் பங்கனபள்ளி, அது ஓர் ஆண்டு விட்டுக் காய்ப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எலுமிச்சை இப்போது பூப்பது கோடைக்குப் பின்னரே பழமாகும். கோடையில் பழம் கிடைப்பது புரட்டாசி, ஐப்பசிப் பூவிலிருந்து. விதைக்கன்று காய்க்க 4, 5 ஆண்டு ஆகும்; பதியன் 2, 3 ஆண்டில் காய்க்கும். தொட்டியில் வளர்க்க எலுமிச்சையும் கொய்யாவும் பொருந்தும். மாதுளை வறண்ட உள்மாவட்டங்களில் நன்றாக வரும், கடற்கரை ஈரக்காற்றில் நோயோடு போராடும்.

விரைவாகப் பழம் வேண்டுவோர்க்குப் பப்பாளி. ஒரே மரத்துக்கு இடமிருந்தால், ஆண், பெண் தனித்தனியாக வரும் கோ 2, கோ 8 போன்றவற்றைத் தவிர்த்து, இருபால் பூ தரும் கோ 7 அல்லது ரெட் லேடி வைக்க வேண்டும். வெயில் ஏறும்போது பப்பாளியில் மாவுப்பூச்சி படரும். 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்ட இந்தப் பூச்சி, 2010-இல் புவேர்ட்டோ ரிகோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளால் அடங்கியது. கடுமையான மருந்து அடித்தால் குளவிகளும் அழியும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, பின்பு சோப்புக் கரைசல் தெளிப்பது போதும்.

நாற்றுப் பண்ணைகளில் மாசி, பங்குனியிலும் பழக்கன்றுகள் கிடைக்கும். நாள்தோறும் தண்ணீர் விட ஆளில்லாத வீட்டில் அவற்றை வாங்கி உடனே தரையில் வைக்காமல், ஆடி, ஆவணி மழை வரும்வரை பையோடு அரைநிழலில் வளர்த்து, அதன்பின் நடவேண்டும்.