கையில் ஒரு குழாய், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள்
(இரண்டாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு)



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நர்சிங் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குழாய், அழுத்தம், அடைப்பு, கசிவு எல்லாம் நம்ம பாடம்தானே! புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்களின் உடம்பில் வைக்கும் 'சென்ட்ரல் லைன்' என்பதும் ஒரு மெல்லிய குழாய்தான். அதைப் பராமரிப்பதில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது.

ஏன் இந்தக் குழாய்?

கீமோ மருந்துகளில் சில மிகவும் காட்டமானவை. கையிலுள்ள சின்ன ரத்தக்குழாயிலிருந்து வெளியே கசிந்தால் சதையே வெந்து புண்ணாகிவிடும். அதனால் இதயத்துக்கு மேலே இருக்கும் பெருஞ்சிரை வரை குழாயைச் செலுத்துகிறார்கள். அங்கே நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர் ரத்தம் ஓடுவதால் மருந்து உடனே கலந்து நீர்த்துப் போகிறது.

1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், தன் கை வழியாகவே இதயம் வரை குழாயைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். 1956-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இன்று மேற்கையில் வைப்பது 'பிக் லைன்', மார்பில் வைப்பது 'ஹிக்மன்', தோலுக்கு அடியில் புதைப்பது 'போர்ட்'.

ஆபத்து எங்கே?

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஜனங்கள் சென்னைக்குத்தான் ஓடணும். இப்போது சேலத்திலேயே கீமோ ஏற்றி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மருந்து ஏறுவது சில மணி நேரம், குழாய் உடம்பில் இருப்பது மாதக்கணக்கில். பெரும்பாலான நாட்கள் வீட்டில்தான் கழிகின்றன.

எங்கள் வீடு ஏற்காடு மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. என் பெரியம்மாவுக்குப் பிக் லைன் வைத்து அனுப்பியபோது கொடுத்த சீட்டு முழுக்க இங்கிலீஷில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நானும் டிக்‌ஷனரி வைத்துத்தான் படித்தேன்.

கீமோ முடிந்து சுமார் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைகின்றன. அதாவது, எதிர்ப்பு சக்தி அடிமட்டத்தில் இருக்கும்போது நோயாளி வீட்டில் இருக்கிறார், குழாய் ரத்தத்துக்கு நேர்வழியாகத் திறந்திருக்கிறது!

செய்முறையும் காரணமும்

1. கை கழுவாமல் குழாயைத் தொடக்கூடாது. முனையை நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் குறைந்தது 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட வேண்டும். சும்மா துடைத்தால் கிருமி போகாது.

2. ஒளி ஊடுருவும் ஒட்டுக்கட்டை 7 நாளுக்கு ஒருமுறையும், துணிக்கட்டை 2 நாளுக்கு ஒருமுறையும் மாற்றணும். நனைந்தாலோ விளிம்பு பிரிந்தாலோ அன்றைக்கே மாற்றணும். நம் மலையில் இந்த விதிதான் முக்கியம்.

3. உப்புநீர் செலுத்திக் கழுவ 10 மி.லி. சிரிஞ்சுதான் வேண்டும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. விட்டம் பாதியானால், அதே கட்டைவிரல் விசைக்கு அழுத்தம் நான்கு மடங்கு! சின்ன சிரிஞ்சால் தள்ளினால் குழாய் வெடிக்கலாம்.

4. ஒரே சீராகத் தள்ளாமல், தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்திச் செலுத்துவார்கள். ஓட்டத்தில் சுழல் உண்டாகி உட்சுவரில் ஒட்டியது கழன்றுவிடும். கிளாம்ப் உள்ள குழாயில் கடைசிச் சொட்டு போகும்போதே அதை மூடினால், ரத்தம் பின்வாங்கி உறையாது.

5. குழாய் உள்ள கையில் பி.பி. பார்க்கக்கூடாது. அந்தக் கையால் விறகுக்கட்டோ காப்பி மூட்டையோ தூக்கக்கூடாது.

6. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், குளிர் நடுக்கம் வந்தால், கை வீங்கினால், குழாய் வாயில் சீழ் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. "கஷாயம் குடி, காலையில பார்த்துக்கலாம்" என்பது இங்கே உதவாது. ஒரு ராத்திரியில் கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிடும்.

என்ன மாறணும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கை கழுவுதல் போன்ற ஐந்தே விதிகளைப் பட்டியலிட்டு, அதை டாக்டர் மீறினால் தடுக்கும் உரிமையை நர்ஸுக்குக் கொடுத்தார். 1000 குழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்ஜியத்துக்கு வந்தது. இது 2006-ல் வெளியானது. புது மருந்து எதுவும் இல்லை, ஒழுங்குதான்.

அந்த ஒழுங்கு வீடு வரைக்கும் வரணும். தமிழில் படம் போட்ட சீட்டு வேண்டும். நர்ஸ் சொல்லிக் கொடுத்ததை வீட்டார் திரும்பச் செய்து காட்டிய பிறகே அனுப்ப வேண்டும். ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர் வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருகிற நர்ஸுகளுக்கு இந்தக் கட்டு மாற்றும் பயிற்சியும் கிடைத்தால், மலைக் கிராமத்துக்காரர்கள் வாராவாரம் பஸ் ஏறி இறங்க வேண்டாம்.

நண்பர்களே! குழாயைக் கழுவுவதும் கட்டு மாற்றுவதும் பயிற்சி பெற்றவர் வேலை. நாம் அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் சீட்டைப் படித்துச் சொல்வதும், தெர்மாமீட்டர் பார்ப்பதும், நேரத்தில் வண்டி பிடிப்பதும் நம் வேலை. நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். இந்த ஆறு விதியையும் ஒரு தாளில் எழுதி, தேவைப்படும் ஒரு வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். நாம் படித்த படிப்புக்கு அதுவும் ஒரு பயன்தான்.