தாயகத்தின் சுவை

உணவு பசியைத் தீர்ப்பதோடு அமைவதன்று. ஒருவன் பிறந்த மண்ணும், அவனை வளர்த்த அன்னையின் கையும், இளமையில் அவன் ஓடியாடிய தெருவும் ஒரு கவளத்தின் சுவையில் ஒருங்கே நினைவிற்கு வருதல் உண்டு. ஊரை இழந்து ஓடுவோர் நிலத்தைச் சுமந்து செல்லல் இயலாது. வீட்டையும் சுமந்து செல்லல் இயலாது. சமைக்கும் முறையை மட்டும் நெஞ்சிற் சுமந்து செல்லலாம். அவ்வாறு சுமந்து வந்த மக்கள், புகுந்த இடத்திற் கிடைத்த பொருளைக் கொண்டு ஆக்கிய உணவொன்று தென்கொரியாவின் பூசான் நகரத்தில் இன்றும் சிறந்து விளங்குகின்றது. அதன் பெயர் மில்மியோன் என்பதாம். கொரிய மொழியில் ‘மில்’ என்பது கோதுமை. ‘மியோன்’ என்பது மாவிழை. இக்காலத்தார் நூடுல்ஸ் என வழங்குவதும் இவ்வகையினதே.

இவ்வுணவின் மூலத்தை அறிய விரும்புவோர் கொரிய நாட்டின் வடபகுதியை நோக்குதல் வேண்டும். அது மலை மிக்கது; கடுங்குளிர் உடையது. ஆங்குள்ள மக்கள் மெமில் என்னும் கூலத்தையும் உருளைக்கிழங்கையும் பயிரிட்டனர். அவற்றின் மாவினால் இழை பிழிந்து, குளிர்ந்த சாற்றில் இட்டு உண்டனர். ‘குளிர்ந்த மாவிழை’ எனப் பொருள்படும் நேங்மியோன் இதுவே. பியோங்யாங் நகரத்தார் மெமில் மாவினைப் பெரிதும் விரும்பினர். ஹம்ஹுங் நகரத்தாரோ உருளைக்கிழங்கின் மாப்பொருளால், எளிதில் அறாத மெல்லிழைகளை ஆக்கினர். ஹோங் சோக்-மோ என்னும் அறிஞர் 1849-ஆம் ஆண்டில் இயற்றிய பருவ வழக்கங்கள் பற்றிய நூலில், நேங்மியோன் பதினோராம் மாதத்து உணவாகக் குறிக்கப்பட்டுள்ளது. பனி பெய்யும் பருவத்தில் குளிர்ந்த உணவோ என வியத்தல் வேண்டா. கொரியர் இல்லங்களில் தரையின்கீழ் வெப்பம் செலுத்தும் அமைப்பு உண்டு. வெம்மை பொருந்திய தரையில் அமர்ந்து, முள்ளங்கி ஊறிய குளிர்நீருடன் மாவிழையை உண்பது அவர்க்குத் தனி இன்பமாய் இருந்தது.

அவ்வின்பம் நிலைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே பெரும்போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில், ஹம்ஹுங் நகருக்கு அண்மையிலுள்ள ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து படைகள் கப்பலேறின. அப்பொழுது ஏறத்தாழ 1,00,000 குடிமக்களும் கடல் வழியே தெற்கு நோக்கிச் சென்றனர். ‘மெரிடித் விக்டரி’ என்னும் சரக்குக் கப்பல் ஒன்றே ஏறத்தாழ 14,000 மக்களை ஏற்றிச் சென்றது. உணவும் நீரும் போதாத அக்கப்பலில், நள்ளிரவுக் குளிருக்கும் அச்சத்திற்கும் இடையே ஐந்து குழந்தைகள் பிறந்தன. பூசான் துறை ஏதிலியரால் நிரம்பியிருந்தமையால், அக்கப்பல் கோஜே தீவில் மக்களை இறக்கியது. சின்னாட்களில் மீண்டு விடலாம் என எண்ணி வந்தவர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் பின்னர்த் தம் ஊரைக் கண்டாரல்லர்.

போர்க்காலத்தில் பூசானே தென்கொரியாவின் தற்காலிகத் தலைநகராய் அமைந்தது. நாற்றிசையினின்றும் மக்கள் வந்து குவிந்தனர். மலைச்சரிவுகளிற் பலகையும் தகரமும் கொண்டு குடில் அமைத்தனர். ஊவாம் என்னும் பகுதியிற் பண்டு மாடுகள் அடைக்கப்பட்ட கொட்டில்களே பல குடும்பங்களுக்கு இல்லம் ஆயின. உறவினரைப் பிரிந்தோர், தாம் அறிந்த ஓரிடமாகிய யோங்டோ பாலத்தின் அருகே நாள்தோறும் சென்று, வருவோர் போவோர் முகங்களை நோக்கி நின்றனர்.

அந்நிலையிலும் தம் ஊர் உணவின்மேல் அவர்க்கிருந்த விருப்பம் தணியவில்லை. ஆனால் மெமில் மாவும் கிழங்கு மாவும் பூசானில் எளிதிற் கிடைத்தில. கிடைத்தது, அமெரிக்க நாட்டினின்று உதவிப் பொருளாக வந்த கோதுமை மாவே. ‘இம்மாவிற்கு அவ்விழை வாராது’ எனக் கைகட்டி அமர்ந்தாரல்லர் வடபுலத்து மக்கள். கோதுமை மாவுடன் கிழங்கு மாப்பொருளைச் சேர்த்தும், கோதுமை மாவினைத் தனியே பிசைந்தும் இழை பிழிந்தனர். அவ்வாறே மில்மியோன் பிறந்தது எனப் பலரும் கூறுவர்.

இதனை ஆக்கும் முறை பொறுமையை வேண்டுவது. மாட்டெலும்பையோ பன்றியெலும்பையோ நெடும்பொழுது கொதிக்க வைத்துச் சாறு இறக்குவர். சிலர் மருந்துச் சரக்குகளையும் அதனுடன் சேர்ப்பர். அச்சாற்றைப் பனிக்கட்டித் துகள் மிதக்கும் அளவிற்குக் குளிரச் செய்வர். பிசைந்த மாவினை, நம் இல்லங்களில் இடியாப்பம் பிழிவது போன்று, அச்சிலிட்டுக் கொதிநீரில் நேரே பிழிவர். வெந்த இழையை உடனே எடுத்துத் தண்ணீரில் அலசிக் கிண்ணத்தில் இடுவர். மேலே மிளகாய்க் குழம்பு, வெள்ளரித் துண்டுகள், ஊறிய முள்ளங்கி, இறைச்சித் துண்டு, பாதி முட்டை ஆகியவை அமையும். புளிக்காடியும் கடுகும் அவரவர் விருப்பிற்கேற்பச் சேர்க்கப்படும். சாற்றுடன் உண்பது ஒரு வகை. சாறின்றி மிளகாய்க் குழம்பிற் பிசைந்துண்பது மற்றொரு வகை. வடக்கிற் குளிர்காலத்திற்கு உரியதாய் இருந்த உணவு, தெற்கிற் கோடை வெப்பத்தைத் தணிக்கும் உணவாயிற்று.

பூசான் நகரில் இதனை விற்கும் கடைகள் பலவாம். அயல்நாடுகளிலோ இதனைக் காண்டல் அரிது. கொரிய உணவுகளுட் பல உலகெங்கும் பரவியிருக்க, இது பரவாமைக்குக் காரணம் உண்டு. பிழிந்த இழை சிறிது பொழுது கழியினும் குழைந்து சுவை கெடும். ஆதலின் உண்போர் வந்தபின்னரே பிழிதல் வேண்டும். சாற்றின் பக்குவமும் கடைக்குக் கடை வேறுபடுவது. ஆக்குவோர் கைப்பழக்கத்தில் நிற்பது. ஆதலின் பிறநாடு சென்ற பூசான் மக்கள், ஊர் திரும்பியவுடன் முதலில் நாடும் உணவுகளுள் இதுவும் ஒன்றாயிற்று. வடக்கை இழந்தோர் தம் ஏக்கந்தீரச் செய்த உணவு, அவர்தம் வழித்தோன்றலர்க்குப் பூசானை நினைந்து ஏங்கும் உணவானமை நினைத்தற்குரியது.

1953-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் போர் நிறுத்தப்பட்டது. எனினும் எல்லை திறக்கப்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1983-ஆம் ஆண்டில், பிரிந்த உறவினரைத் தேடும் நிகழ்ச்சியொன்றைக் கொரியத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. ஒரே இரவுக்கென எண்ணித் தொடங்கிய அந்நிகழ்ச்சி 138 நாட்கள் நீண்டது. அதன் வாயிலாகப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றுகூடின. கூடப்பெறாதோர் அவரினும் பலர்.

போர் நாட்டைப் பிளக்க வல்லது. தாயையும் மகனையும் பிரிக்க வல்லது. ஆயினும், தாய் ஊட்டிய உணவின் சுவையை மகன் நாவினின்று அகற்றும் வலிமை அதற்கு இல்லை. இருந்தது போயிற்று என அழுதலோடு அமையாது, கிடைத்ததைக் கொண்டு வாழ்வைத் தொடங்கிய மக்களின் ஊக்கத்திற்கு அக்கோதுமை இழையே சான்றாகும்.