ஸ்டான்லி குடும்பத்தின் பட்டங்கள்

இங்கிலாந்தின் பரம்பரைப் பட்டங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. பரனட் பட்டம் பெற்றவர் 'சேர்' என அழைக்கப்படுவார். அப்பட்டத்தால் பிரபுக்கள் சபையில் ஆசனம் கிடைக்காது. பரன் பட்டம் பெற்றவரோ 'லோர்ட்'. அவருக்கு அக்காலத்தில் ஆசனம் இருந்தது. செஷயர் பகுதியில் ஓல்டர்லி என்ற ஊரில் வாழ்ந்த ஸ்டான்லி குடும்பம் 1660இல் முதலாவதையும் 1839இல் இரண்டாவதையும் பெற்றது. தந்தைக்குப் பின் மூத்த மகன், மகன் இல்லாவிடின் அடுத்த சகோதரன் என்பதே முறை.

இக்குடும்பத்தில் 1827இல் பிறந்தவர் ஹென்றி ஸ்டான்லி. கேம்பிரிட்ஜில் அரபு மொழி கற்று, வெளிநாட்டு அலுவலகத்தில் சேர்ந்து, துருக்கியில் பணியாற்றினார். கீழைத்தேயங்களில் நெடும்பயணம் செய்தார். இஸ்லாத்தையும் தழுவினார். 1869இல் தந்தை காலமானதும் மூன்றாவது பரனாகி, பிரபுக்கள் சபையின் முதல் முஸ்லிம் உறுப்பினரானார். தேர்தல் என்று ஒன்று இருந்திருந்தால் அக்காலத்து ஆங்கிலேயர் ஒரு முஸ்லிமைத் தெரிவு செய்திருப்பார்களா என்பது சந்தேகமே. பிறப்புரிமையை எவராலும் தடுக்க முடியவில்லை.

வேல்ஸ் நாட்டின் அங்கிள்சி தீவிலுள்ள லான்பாட்ரிக் தேவாலயத்தை 1884இல் அவரே செலவு செய்து புதுப்பித்தார். அதன் நீல நிற ஓடுகளில் இஸ்லாமியக் கலையின் சாயலை இன்றும் காணலாம். அவருடைய தம்பி அல்ஜெர்னன் கத்தோலிக்க ஆயர். மருமகன் பேர்ட்ரண்ட் ரசல் பிற்காலத்தில் கடவுள் நம்பிக்கையையே மறுத்த தத்துவஞானி. இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் என்ன பேசியிருப்பார்களோ! 1903 டிசம்பரில், றமழான் மாதத்தில், ஹென்றி வபாத்தானார். இஸ்லாமிய முறைப்படி ஓல்டர்லியிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகள் இல்லாததால் பட்டம் தம்பி லயல்ஃபுக்குச் சென்றது.

ஆனால் இக்குடும்பத்தைப் பற்றி வாசித்தபோது என்னை அதிகம் கவர்ந்தவர் ஹென்றியின் தாயார் ஹென்றியெட்டா. பெண்களுக்கான கேர்ட்டன் கல்லூரி 1869இல் தொடங்கப்படுவதற்கு உழைத்தவர்களுள் இவரும் ஒருவர். 1884இல் அக்கல்லூரிக்கு ஒரு நூலகம் அமையவும் பணம் கொடுத்தார். மகள் மோட், இலண்டனில் வேலைக்குச் செல்லும் ஏழைச் சிறுமிகளுக்காகக் கழகங்கள் நடத்தினார். இன்னொரு மகள் ரோசலிண்ட் பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசினார். தாயும் மகள்மாரும் இவ்வளவு செய்தும் குடும்பத்தின் பட்டம் அவர்களில் எவருக்கும் உரியதாகவில்லை. பரம்பரைப் பட்டமுடைய பெண்கள் பிரபுக்கள் சபையில் அமர 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேர்ட்டனில் படித்த மாணவிகளுக்கும் அதே நிலைதான். ஆண்கள் எழுதிய பரீட்சையையே எழுதிச் சித்தியடைந்தாலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியது 1948இல்தான். ஹென்றியெட்டா 1895இலேயே காலமாகியிருந்தார்.