இளம் வயதில் பக்கவாதமும் இரத்த உறைவுக் கோளாறுகளும்

பக்கவாதம் முதியோரின் நோய் என்பது பொதுவான கருத்து. ஆயினும் 45 வயதிற்குட்பட்டோரையும் அது தாக்குகிறது. உழைக்கும் பருவத்தில் ஒருவர் முடங்குவதால் குடும்பத்தின் வருவாயும் நாட்டின் மனித ஆற்றலும் நெடுங்காலம் இழப்பிற்குள்ளாகின்றன. இத்தகைய பக்கவாதத்திற்கான காரணங்களுள் இரத்த உறைவுக் கோளாறுகள் குறிப்பிடத்தக்கவை.

உறைதலின் சமநிலை

காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறைவது உயிர் காக்கும் செயலாகும். அது வரம்பு மீறாதவாறு புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவை கட்டுப்படுத்துகின்றன. இவற்றுள் ஒன்று பிறவியிலேயே குறைந்திருப்பின், சிரைகளில் இரத்தம் எளிதில் உறையும். மூளையின் சிரை அடைபட்டால், இரத்தம் வெளியேற வழியின்றி அழுத்தம் மிகுகிறது. தலைவலி, வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி ஆகியவை இதன் அறிகுறிகள்.

பேறுகால ஆபத்து

பேறுகாலத்தில் குருதிப் பெருக்கைத் தடுக்க, உறையும் தன்மை இயற்கையாகவே மிகுகிறது. மகப்பேற்றிற்குப் பின்னரும் சில வாரங்கள் இந்நிலை நீடிக்கிறது. பிறவிக் குறையுடன் நீரிழப்பு, தொற்று, இரத்த சோகை ஆகியவையும் சேரும்போது ஆபத்து பெருகுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்த சோகை இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கமும் சில பகுதிகளில் உண்டு.

ஹெப்பாரின் மருந்தை உரிய காலத்தில் தொடங்கினால் பெரும்பாலோர் நலமடைகின்றனர். உறைவு ஏற்பட்ட வேளையிலும் பேறுகாலத்திலும் மேற்கூறிய புரதங்களின் அளவு தற்காலிகமாகக் குறையக்கூடும். எனவே ஒரே சோதனையைக் கொண்டு பிறவிக் குறை என முடிவு செய்தல் பொருந்தாது. சில மாதங்களுக்குப் பின் மீண்டும் சோதித்தல் அவசியம்.

செய்யத்தக்கது

மருத்துவமனைப் பிரசவங்கள் 2005-06இல் 38.7 சதவீதமாக இருந்தன, 2019-21இல் 88.6 சதவீதமாக உயர்ந்தன. ஆனால் தாய் சில நாட்களில் வீடு திரும்பிவிடுகிறாள். ஆபத்துக் காலமோ வீட்டில்தான் கழிகிறது. 2011இல் தொடங்கிய வீட்டுவழிச் சிசுப் பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிரசவித்த தாயின் வீட்டிற்கு ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் செல்ல வேண்டும். அப்போது குழந்தையின் எடையைப் பார்ப்பதோடு, தாய்க்குத் தலைவலி உண்டா, போதிய நீர் அருந்துகிறாளா என்றும் கேட்பதற்குப் புதிய செலவு எதுவும் தேவையில்லை. விடாத தலைவலி இருப்பின், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றி அனுப்புதல் வேண்டும். ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தையே காக்கக்கூடும்.