லோரி விபத்தும் தொழிலாளியின் ஹக்கும்



நமது கோப்பெங் வட்டாரத்தில் லோரி ஓடாவிட்டால் கடை ஓடாது. ஈப்போவிலிருந்து அரிசி, சீனி வருவதும், கேமரன் மலைக் காய்கறி சிம்பாங் பூலாய் வழியாக இறங்குவதும், பினாங்குச் சரக்கு வந்து சேர்வதும் லோரியினால்தான். சரக்கு வந்ததும் பில்லைச் சரிபார்க்கிறோம், மூட்டையை எண்ணுகிறோம். ஆனால் அதை ஓட்டி வந்தவருக்கு வழியில் ஏதும் நேர்ந்துவிட்டால் அவர் குடும்பத்தின் கதி என்ன என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

2025ஆம் ஆண்டு மே 13ந் தேதி நமது பேராக் மாநிலத்திலேயே, தெலுக் இந்தான் பக்கம், கல் ஏற்றிய லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் லோரியும் மோதி 9 போலீஸ்காரர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கல் லோரியில் அளவுக்கு மேல் பாரம் இருந்ததும், ஸ்டியரிங் பழுதும் பின்னர் போக்குவரத்து அமைச்சின் விசாரணையில் வெளியாயின. இப்படிப் பெரிய விபத்து நடந்தால் நாடே பேசுகிறது. காலொடிந்து வீட்டில் கிடக்கும் ஒற்றை ஓட்டுநரைப் பற்றிப் பேசுவார் இல்லை.

நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. வேலையாளுக்கு அடிபட்டால் முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார், கையிலிருப்பதைக் கொடுக்கிறார், வீட்டுக்கு அரிசி, பருப்பு அனுப்புகிறார். நல்ல காரியந்தான். ஆனால் அது ஸதகா. தொழிலாளிக்குச் சட்டப்படி வரவேண்டியது அவருடைய ஹக்கு. ஸதகாவைக் கொடுத்துவிட்டு ஹக்கை மறந்துவிடுவது நீதியாகாது. ஆகவே அந்த ஹக்கு எவை என்பதை நாம் படிக்க வேண்டும். முதலாளியும் படிக்க வேண்டும், ஓட்டுநரும் படிக்க வேண்டும்.

முதற் பாடம்: சொக்சோ

1952ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இந்நாட்டில் வந்தது. பிறகு 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1971 முதல் சொக்சோ நடந்து வருகிறது. வெளிநாட்டுத் தொழிலாளரும் 2019 ஜனவரி முதல் இதிலேயே சேர்க்கப்பட்டனர். லோரியில் மூட்டை இறக்கும் வெளிநாட்டு உதவியாளுக்கும் நாம் பணம் கட்டியே தீர வேண்டும்.

இந்தத் திட்டத்தின் பெரிய நன்மை யாதெனில், இங்கே யார்மீது தவறு என்ற கேள்வி இல்லை. வேலையின்போது அடிபட்டதா என்பதே கேள்வி. ஓட்டுநர் தாமே கவனக்குறைவாக மரத்தில் மோதினாலும் மனுச் செய்யலாம். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், அல்லது வேலை விட்டு வீடு திரும்பும் வழியில் நேர்ந்த விபத்தும் சேரும். ஆனால் இடையில் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருக்கக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 2,400 வெள்ளி சம்பளம் வாங்கும் ஓட்டுநர் என்று வைத்துக் கொள்வோம். நாளுக்கு 80 வெள்ளி. டாக்டர் 4 நாளோ அதற்கு மேலோ எம்.சி. கொடுத்தால், தினக்கூலியில் நூற்றுக்கு 80 பங்கு, அதாவது நாளுக்கு 64 வெள்ளி. மூன்று மாதம் படுத்தால் 5,760 வெள்ளி. ஊனம் நிலைத்துவிட்டால் மருத்துவ வாரியம் அதை இத்தனை சதவிகிதம் என்று மதிப்பிடும். 40 சதவிகிதம் என்றால், தினக்கூலியில் 90 பங்காகிய 72 வெள்ளியில் 40 சதவிகிதம், நாளுக்கு 28 வெள்ளி 80 காசு. இதில் ஐந்தில் ஒரு பாகத்தை மொத்தமாக வாங்கிக் கொண்டால், மீதி மாதம் 690 வெள்ளி அளவில் ஆயுள் முழுதும் வரும். சட்ட அட்டவணைப்படி தொகை சற்று மாறலாம். மதிப்பீடு குறைவென்று தோன்றினால் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்குப் போகலாம்.

ஓட்டுநர் மௌத்தாகிவிட்டால் தினக்கூலியில் 90 பங்கு குடும்பத்துக்கு வருகிறது. விதவைக்கு ஐந்தில் மூன்று பாகம் ஆயுள் முழுதும். பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பாகம், 21 வயது வரை அல்லது மணமாகும் வரை. இந்தப் பங்கைச் சட்டமே வகுத்து வைத்திருக்கிறது.

இவ்வளவுக்கும் முதலாளி கட்டுவது என்ன? 60 வயதுக்குட்பட்ட உள்நாட்டுத் தொழிலாளிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றே முக்கால். 2,400 வெள்ளிக்கு ஏறக்குறைய 42 வெள்ளி. ஒரு மூட்டை அரிசியின் லாபத்தைப் பற்றி அரை மணி நேரம் பேரம் பேசுகிற நாம், இந்த 42 வெள்ளியை மிச்சப்படுத்த நினைக்கலாமா?

"அவன் என் அக்காள் மகன், அவனுக்கென்ன சொக்சோ?" என்பார் உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்தால் அக்காள் மகனும் தொழிலாளிதான். 2018 ஜூலை முதல் முதலாளியின் மனைவி கடையில் வேலை செய்தால் அவருக்கும் கட்ட வேண்டியதாயிற்று. கட்டாமல் விட்டால் 10,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பதியாமல் விடப்பட்ட தொழிலாளியும் சும்மா இருந்துவிடலாகாது. வேலை செய்ததற்கான அத்தாட்சியோடு சொக்சோ அலுவலகத்தில் முறையிட வேண்டும்.

சொந்த லோரி வைத்துத் தாமே ஓட்டுகிறவருக்கும் வழியுண்டு. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சிக்காரர்களுக்கு வந்தது. 2020 முதல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. அவர் தமக்குத் தாமே கட்டிக் கொள்ளலாம்.

இரண்டாம் பாடம்: மோதியவர் மேல் வழக்கு

சொந்த முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடச் சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவு பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் வேறொரு வண்டிக்காரரின் தவறினால் அடிபட்டால் அவர்மேல் வழக்குத் தொடரலாம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். தீர்ப்பானால் பணம் தர வேண்டியது அந்த இன்சூரன்ஸ் கம்பெனி. இவ்வழக்குகள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். ஓட்டுநர்மேலும் பாதித் தவறு என்று கோர்ட் கண்டால், தொகையில் பாதி குறையும்.

இங்கே வலிக்கும் வலிக்கு ஒரு தொகை, வைத்தியச் செலவு, இழந்த சம்பளம் எல்லாம் கேட்கலாம். 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், சம்பள இழப்புக் கணக்கிடும் வயது வரம்பை 55லிருந்து 60ஆகவும், மரணத் துயர ஈட்டை 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியாகவும் உயர்த்தியது.

தவணையை மறவாதீர்கள். காயமடைந்தவர் வழக்குப் போட 6 ஆண்டு. மரணமானால் குடும்பத்தார் வழக்குப் போட 3 ஆண்டு. எதிரி அரசாங்க வண்டியானால் 36 மாதம். ஒரு நாள் தப்பினாலும் வழக்குப் போயிற்று. "இத்தா முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போய் உரிமையை இழந்துவிடக் கூடாது.

மூன்றாம் பாடம்: காகிதம்

கோர்ட்டும் சொக்சோவும் கண்ணீரைக் கணக்கெடுப்பதில்லை; காகிதத்தைக் கேட்கின்றன. ஆகவே:

1. விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் வேண்டும். ஓட்டுநர் மயக்கத்தில் இருந்தால் வேறொருவர் ஓடியாடிக் கவனிக்க வேண்டும்.

2. முதலாளி செய்தி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும்.

3. கோப்பெங் ஆஸ்பத்திரியானாலும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியானாலும் முதல் நாளிலிருந்தே எம்.சி., ரசீது, மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள்.

4. வண்டிகள் நின்ற நிலையையும் எதிர் வண்டியின் எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்துக் கொள்ளுங்கள்.

5. சம்பளச் சீட்டுக் கொடுங்கள். பாதிச் சம்பளத்தைக் கணக்கிலும் மீதியைக் கையிலும் கொடுத்தால், நஷ்டஈடும் பாதிக்கே வரும். 2,400 வாங்கியவர் 1,700க்குத்தான் அத்தாட்சி காட்ட முடிந்தால் நஷ்டம் யாருக்கு? ஆயுள் முழுதும் அவருக்கு.

நான்காம் பாடம்: ஆஸ்பத்திரித் தரகர்

படுக்கையருகே முன்பின் தெரியாதவர் வந்து, "முன்பணம் வேண்டாம், வருவதில் பங்கு போதும், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பார். போடாதீர்கள். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு என்று பேசுவது இந்நாட்டு வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டது. நேராக வக்கீல் அலுவலகத்துக்குப் போய், பெயரும் கட்டணமும் எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரர் ஒரு தொகை சொல்லி "முழுத் தீர்வு" என்று எழுதிக் கேட்டாலும், வக்கீலுக்குக் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். கையெழுத்தான பின் கால் மீண்டும் வீங்கினாலும் கேட்க முடியாது.

சகோதரர்களே! மகனாகவும் மருமகனாகவும் நம்பி நம்மிடம் வேலைக்கு வந்தவர்களின் உயிரும் உழைப்பும் நம்மிடமுள்ள அமானிதம். ஒவ்வொரு மாதமும் 15ந் தேதிக்குள் சொக்சோ கட்ட வேண்டும். வருகிற 15ந் தேதிக்கு முன் நம் கடை ஏட்டை எடுத்துப் பார்ப்போம். லோரி ஓட்டுபவர், மூட்டை இறக்குபவர், பின்கட்டில் வேலை செய்பவர் எல்லோருடைய பெயரும் உண்டா? சொன்ன சம்பளமும் எழுதிய சம்பளமும் ஒன்றா? விடுபட்டவரை இம்மாதமே சேர்த்துவிடுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டி, லோரிச் சாவி மாட்டும் ஆணியிலேயே மாட்டி வையுங்கள். ஓட்டுநரும் படிக்கட்டும்.

வஸ்ஸலாம்.