கங்கைச் சமவெளியில் கோடை

காசிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் பலர் இங்குள்ள முதற்கோடையை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. "வேலூர் வெயிலைப் பார்த்தவனுக்கு இது எம்மாத்திரம்?" என்று என்னிடம் கேட்டவர் உண்டு. வேலூரிலும் வெப்பமானி 42 பாகை காட்டத்தான் செய்கிறது. ஆனால் வேறுபாடு எண்ணில் இல்லை. வீசுகின்ற காற்றின் இயல்பில் இருக்கிறது.

ஏப்ரல் திங்களின் பிற்பகுதி தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை, மேற்கே பாலைநிலத்தின் மேலாக வரும் வறண்ட காற்று இச்சமவெளியில் பகலெல்லாம் வீசும். இவ்வூர் மக்கள் அதனை 'லூ' என்பர். நம் கடற்கரை ஊர்களில் வியர்வை சட்டையை நனைத்து, 'தண்ணீர் குடி' என்று நமக்கு நினைவூட்டுகிறது. லூவில் வியர்வை தோன்றிய கணமே ஆவியாகி விடும். தோல் உலர்ந்தே இருக்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டு போகிறது. ஆகவே வறண்ட காற்று நல்ல குளிர்விப்பானே, உடலில் நீர் இருக்கும்வரை! நீர் குறைந்ததை அறியாதவனே வீழ்கிறான். மற்றொன்றும் உண்டு. காற்றின் வெப்பம் 40 பாகையைக் கடந்தபின் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதற்கு மாறாகச் சூடேற்றத் தொடங்கும் என்று மருத்துவ அறிஞர் எச்சரிக்கின்றனர். விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு உறங்கும் நண்பர்கள் இதனைக் கருத்திற் கொள்க.

1875ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறை, கோடை பிறக்கும்போதே பருவ முன்னோக்கை வெளியிடுகிறது. அதனைப் படிப்பதற்கு அதன் சொற்களை அறிந்திருத்தல் வேண்டும். 'வெப்ப அலை' என்பது செய்தித்தாளின் அலங்காரச் சொல் அன்று. சமவெளியில் உச்ச வெப்பம் 40 பாகையை எட்டி, அவ்வூரின் வழக்கமான அளவைவிட 4.5 பாகையேனும் மிகுந்திருந்தால் அது வெப்ப அலை, 6.4 பாகைக்கு மேல் மிகுந்தால் கடும் வெப்ப அலை. வழக்கமான அளவு எதுவாயினும், 45 பாகையைத் தொட்டாலே வெப்ப அலைதான். 47 எனில் கடும் அலை. ஒரு வட்டாரத்தில் இரண்டு நிலையங்களிலாவது தொடர்ந்து இரண்டு நாள் இந்நிலை இருந்தால்தான் அறிவிப்பு வரும். நம் நாட்டில் பதிவான மிகுதியான வெப்பம் 2016 மே 19இல் இராசத்தானத்துப் பலோடியில் கண்ட 51 பாகை. 2024 மே மாத இறுதியில் தில்லியின் முங்கேசுபூரில் 52.9 என்று ஒரு தானியங்கிக் கருவி காட்ட, நாடே பரபரப்படைந்தது. பிறகு சோதித்ததில், அக்கருவி ஏறத்தாழ 3 பாகை கூட்டிக் காட்டியது தெரிந்தது. எனினும் 50க்குக் குறைவு என்று கேட்டு ஆறுதல் கொண்டவர்களை நினைத்தால் எனக்கு நகைப்பே வருகிறது. உயிரைப் போக்க 45 போதும்.

இனி இடிமழை. "இன்று இடிமழை என்று போட்டிருக்கிறார்கள், ஆகவே வெயில் இராது" என்று பலர் எண்ணுகின்றனர். இது பெருந்தவறு. ஒரே நாளில் இரண்டும் நிகழும்; ஒன்றுக்கு மற்றொன்று காரணமும் ஆகும். வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று தரையையொட்டி உள்ளே வருகிறது; அதன்மேல் மேற்கின் வெப்பமான வறண்ட காற்று மூடிபோல் அமர்ந்திருக்கிறது. பகல் முழுதும் தரை காய, கீழ்க்காற்று சூடாகி முட்டிக்கொண்டே இருக்கும். பிற்பகலில் எங்கோ ஓரிடத்தில் மூடி உடைந்தால், முகில் கோபுரமாய் எழும். அதிலிருந்து விழும் மழை கீழுள்ள வறண்ட காற்றிலே பாதி ஆவியாகிப் போக, குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதிச் சிதறி ஓடும். அதுவே புழுதியை வாரியெழுப்பும் 'ஆந்தி'. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் பிறந்து வங்காளத்தை நோக்கிப் பாயும்போது அதற்குக் 'கால் வைசாகி' என்று பெயர். 2018 மே 2ஆம் நாள் இரவு உத்தரப் பிரதேசத்திலும் இராசத்தானத்திலும் அடித்த புயல் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. உறங்கிக் கொண்டிருந்தவர்மேல் சுவர் இடிந்து வீழ்ந்தே பலர் மாண்டனர்.

முன்னறிவிப்பில் 'ஒரு சில இடங்களில்' என்று வந்தால், அவ்வட்டாரத்து நிலையங்களில் நூற்றுக்கு 26 முதல் 50 வரையே மழை காணும் என்பது பொருள். ஏனைய பாதிக்கு மழை இல்லை. ஈரமும் புழுக்கமும் மட்டும் மிஞ்சும். வெப்பமானி இரண்டு மூன்று பாகை இறங்கியிருந்தாலும், வியர்வை ஆவியாகாமல் உடல் முன்னினும் துன்புறும்.

இது நம்மை நேரே தொடும் செய்தி. 2019 சூன் 10ஆம் நாள், காசியும் ஆக்ராவும் பார்த்துவிட்டுக் கோவைக்குத் திரும்பிய யாத்திரிகர் குழுவில் நால்வர், சான்சிக்கு அருகே கேரள விரைவு வண்டியில் உயிர் நீத்தனர். கடும் வெப்பமே காரணம் எனக் கருதப்பட்டது. எல்லாரும் முதியோர், குளிர்வசதி இல்லாத படுக்கைப் பெட்டியில் பயணம் செய்தவர்கள். தேர்வு முடியும் மே மாதத்தில் பெற்றோரை வரவழைத்துக் கங்கையைக் காட்டி உடன் அழைத்துப் போவது நம்மிடையே வழக்கம். இட்டார்சி, நாகபுரி வழியே பகலில் செல்லும் அவ்வண்டியின் இரும்புக் கூரையை எண்ணிப் பாருங்கள். முதியவருக்குத் தாகம் எளிதில் தோன்றாது. கேட்டுக் கொடுத்தல் கூடாது, கேளாமலே மணிக்கொரு முறை கொடுத்தல் வேண்டும். பேச்சுத் தடுமாறினால், உடல் கொதித்தால், அது களைப்பு அன்று. உடலை நனைத்து விசிறி, கழுத்திலும் அக்குளிலும் குளிர்நீர்த் துணி வைத்து, அடுத்த நிலையத்திலேயே மருத்துவரை நாடுக. நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது. இவ்வூரார் சுட்ட மாங்காயில் உப்பும் சீரகமும் சேர்த்துச் செய்யும் பானகம் மிக நன்று. சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொண்டால் லூ அடிக்காது என்றும் சொல்வர். தண்ணீர்க் குப்பியும் உடனிருந்தால் வெங்காயத்தால் கெடுதல் இல்லை.

மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணுக: மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் கேட்டால் அது நம்மை எட்டும் தொலைவில் இருக்கிறது. ஆந்தி அடித்த மறுகணமே, உதிர்ந்த மாங்காய் பொறுக்கச் சிறுவர்கள் தோப்புக்குள் ஓடுவதை இங்கே காணலாம். நம் விடுதி மாணவரும் ஓடுவதுண்டு. கடைசி இடி கேட்டு அரைமணி கழியும் மட்டும் மரத்தடி ஆகாது. மாங்காய் அங்கேயே கிடக்கும்.