சிவப்பு பஸ்ஸா, தனியார் பஸ்ஸா?

கேள்வி: இலங்கையை பஸ்ஸிலேயே சுற்றிப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புகிறோம். அங்கே அரசு பஸ் பழசு, மெதுவாகப் போகும், தனியார் பஸ்தான் வேகம் என்கிறார் போய்வந்த நண்பர். கட்டணம் இரண்டிலும் ஒன்றே என்றும் சொல்கிறார். அப்படியானால் அரசு பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? நாங்கள் எதில் ஏறுவது?
— வாசகி, மதுரை

பதில்: 'யார் ஏறுவார்கள்' என்று கேட்டீர்களே, அது அருமையான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றதற்கும் விடை கிடைத்துவிடும்.

கட்டணம் பற்றி நண்பர் சொன்னது சரி. சாதாரண பஸ்களில் இரு தரப்பும் அரசு நிர்ணயித்த கட்டணத்தையே வாங்குகின்றன. தட எண்ணும் பொதுதான். கொழும்பு–கண்டி என்றால் அரசின் சிவப்பு பஸ்ஸிலும் 1, தனியார் பஸ்ஸிலும் 1. வேகத்துக்கு வண்டிதான் காரணம் என்பது சரியில்லை. இரண்டு பக்கமும் ஓடுபவற்றில் நிறைய வண்டிகள் நமக்குப் பழகிய அசோக் லேலண்ட். 1982-ல் தொடங்கிய லங்கா அசோக் லேலண்ட் நிறுவனம் அங்கே அவற்றைத் தருவிக்கிறது.

வேறுபாடு சம்பளத்தில் இருக்கிறது. 1958-ல் இலங்கையின் பஸ் போக்குவரத்து நாட்டுடைமை ஆனது. 1979-ல் மறுபடி தனியாருக்கு வழி விட்டார்கள். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் ஓரிரு பஸ் வைத்திருக்கும் முதலாளிகள். பெர்மிட், அதாவது குறிப்பிட்ட தடத்தில் ஓட்டும் அனுமதி, அவர்கள் கையில். டிரைவர், கண்டக்டர் வருமானமோ பெரும்பாலும் அன்றைய வசூலைப் பொறுத்தது. அதனால் நிலையத்தில் ஊர்ப் பெயரைக் கூவி ஆள் சேரும்வரை நிற்பார்கள். ஊர் எல்லைவரை ஊர்ந்து போவார்கள். முன்னால் அதே எண் பஸ் ஒன்று கண்ணில் பட்டதும் பறப்பார்கள். அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் பத்துப் பேர் யாருக்கு என்பதுதான் அந்தப் பந்தயம். நண்பர் பார்த்த வேகம் இதுதான். நிலையத்தில் காத்திருந்த நேரத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை போலும்.

சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையுடையது. சுருக்கமாக இ.போ.ச. அதன் ஊழியர்கள் மாதச் சம்பளக்காரர்கள். ஆள் குறைவென்றாலும் பெரும்பாலும் நேரத்துக்கு எடுத்துவிடுவார்கள். சீசன் டிக்கெட், அதாவது மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிப் பெறும் பயணச்சீட்டு, இதில்தான் செல்லும். ஆகவே மாணவர்களும் அலுவலகம் போகிறவர்களும் சிவப்பு பஸ்ஸுக்காகவே காத்திருப்பார்கள். யார் ஏறுவார்கள் என்ற கேள்விக்கு விடை இவர்களே. பள்ளி விடும் மதியம் ஒன்றரை மணியையொட்டி அதில் பெட்டியோடு ஏறாதீர்கள், நிற்கவும் இடமிருக்காது.

இனி உங்கள் பயணம். புறப்படும் நிலையத்திலேயே ஏறுவதானால் சிவப்பு பஸ் நல்லது, உட்கார இடமும் கிடைக்கும். முன்வரிசையில் மதகுருமாருக்கு ஒதுக்கிய இருக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். வழியில் நின்று ஏறுவதானால் முதலில் வருவதில் ஏறுங்கள், வித்தியாசம் சொற்பம். கண்டியிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் வளைவுகளில் மட்டும், குழந்தைகள் இருந்தால், சற்றுக் காத்திருந்தாவது சிவப்பு பஸ்ஸில் போங்கள். அந்தச் சாலையில் பந்தயம் வேண்டாம்.

கொழும்பு–கண்டி 'இன்டர்சிட்டி' என்ற சிறிய ஏசி வண்டிகள் கூடுதல் கட்டணம் வாங்கும். கால் நீட்ட இடம் இராது, பெட்டி மடியில்தான். பெரிய பெட்டி இருந்தால் அதற்கும் ஒரு இருக்கைக்குப் பணம் கேட்கலாம். காலிக்கோ மாத்தறைக்கோ போனால் யோசிக்கவே வேண்டாம். கொழும்பை அடுத்த மாகும்புரவிலிருந்து தெற்கு அதிவேகச் சாலையில் போகும் ஏசி பஸ்ஸைப் பிடியுங்கள். ஆளுக்கொரு இருக்கை, நின்றுகொண்டு போவோர் கிடையாது. கடலோரச் சாலையில் ஆகும் நேரத்தில் பாதிதான் ஆகும். யாழ்ப்பாணத்துக்கு மட்டும் தனியாரின் இரவு ஏசி பஸ்ஸை முன்பதிவு செய்யுங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலேயே ஏற்றிக்கொள்வார்கள், பெட்டிகளை அடியில் வைக்கவும் இடமுண்டு.